மாமி வீட்டில் வைத்த காப்பு

2011இல் ஒரு நாள் விடிய, திருச்சியில் அம்மாவுக்குக் கடுமை எண்டு போன் வந்தது. இந்திய விசா முன்னமே குத்தியிருந்தது, ரிக்கற்றுக்குத்தான் காசில்லை. சீட்டைக் கழிவு போட்டு எடுத்து முடிச்சாச்சு. கைமாத்துக் கேட்ட பெடியளும் கையை விரிச்சிட்டாங்கள். முதலாளியிட்ட அட்வான்ஸ் கேட்டால், "அப்பிடி ஒரு வழக்கம் இல்லைத் தம்பி" எண்டார். லாச்சப்பலில் ஒருத்தர் மாதம் நூற்றுக்குப் பத்து வட்டி சொன்னார். கம்பஸில் பொருளியலைப் பாதியில் விட்டவன்தான், ஆனாலும் அந்தக் கணக்கு எனக்கு விளங்கும்.

மனிசி பேசாமல் காப்பைக் கழட்டித் தந்தாள். பாரிஸ் 'கிறெடி முனிசிப்பால்' அடைவுகடைக்குக் கொண்டு போனேன். 1637இல் தொடங்கின கதை அது. பிரெஞ்சுக்காரர் அதை 'மா தாந்த்', அதாவது 'என்ர மாமி' எண்டு சொல்லுவினம். அடையாள அட்டையும் விலாசத்துக்கு ஒரு பில்லும் காட்ட, காப்பை நிறுத்துப் பார்த்து அண்டைக்கே காசு தந்தாங்கள்.

பிறகுதான் என்னோட கோப்பை கழுவின வெள்ளைப் பெடியன் சொன்னான்: மாதச் சம்பளக்காரன் பதினைஞ்சு நாள் வேலை செய்துபோட்டுக் கேட்டால், பாதிச் சம்பளத்தை முதலாளி குடுத்தே ஆகவேணுமாம். பிரெஞ்சுத் தொழிற்சட்டம். வட்டியும் இல்லை, கடனும் இல்லை, உழைச்ச காசு!

அம்மாவை உயிரோட கண்டேன். காப்பை மீட்கப் பதினொரு மாதம் பிடிச்சது. அதுவரை கலியாண வீடுகளுக்கெல்லாம் மனிசி முழுக்கைச் சட்டையோடதான் வந்தாள்.