கூடுதலாய் ஒரு மெழுகுதிரி

ஆண்டுதோறும் நவம்பர் 2, கல்லறைத் திருநாளன்று மாலையில் நானும் என் மனைவியும் எங்கள் பங்கின் கல்லறைத் தோட்டத்திற்குச் செல்வோம். என் பெற்றோருக்கு இரண்டு, அவளுடைய பெற்றோருக்கு இரண்டு என நான்கு மெழுகுதிரிகள் போதும். அவளோ எப்போதும் ஐந்து வாங்குவாள். ஐந்தாவதை மதிலோரம், பெயரற்ற வெறும் மண்ணில் நட்டு ஏற்றுவாள். நினைப்பார் யாருமற்ற ஆன்மாக்களுக்காக என்றே எண்ணியிருந்தேன், கேட்டதில்லை.

நான் விலங்கியல் ஆசிரியனாய் இருந்து ஓய்வு பெற்றவன். கரு வளர்ச்சிப் பாடத்தை வண்ணச் சுண்ணக்கட்டிகளால் வரைந்து நடத்துவதில் எனக்குத் தனிப் பெருமை உண்டு. பாலூட்டிகளின் முட்டையைக் கார்ல் எர்ன்ஸ்ட் வான் பேயர் 1827இல்தான் கண்டறிந்தார் என்று தொடங்குவேன். மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கே உள்ள அம்முட்டை, கருக்குழாயில் விந்தணுவோடு இணைகிறது. தாயிடமிருந்து 23, தந்தையிடமிருந்து 23 என 46 குரோமோசோம்கள் ஒன்றுசேர்கின்றன. ஏறத்தாழ ஒரு நாளில் அது இரண்டாகப் பிளக்கிறது; பின்னர் நான்கு, எட்டு என்று பெருகியவாறே கருப்பையை நோக்கி நகர்கிறது. ஐந்தாம் நாளில் நீர் நிறைந்த சிறு குமிழாகி, ஆறு ஏழு நாட்களில் கருப்பையின் சுவரில் பதியத் தொடங்குகிறது. பதிந்ததும் அது சுரக்கும் ஹார்மோனே மாதவிலக்கை நிறுத்தி வைக்கிறது. தாயின் மனம் அறியுமுன் உடல் அறிந்துவிடுகிறது.

மூன்றாம் வாரத்தில் கரு மூன்று அடுக்குகளாகிறது. மேலடுக்கிலிருந்து தோலும் நரம்பும், நடுவிலிருந்து எலும்பும் தசையும் இரத்தமும், அடியிலிருந்து குடலும் நுரையீரலும் உருவாகத் தொடங்குகின்றன. 22ஆம் நாள் வாக்கில் இதயம் துடிக்கிறது. எட்டாம் வார முடிவில் மூன்று சென்டிமீட்டர் உடலில் விரல்கள் தனித்தனியே பிரிந்திருக்கும். முக்கிய உறுப்புகள் அனைத்திற்கும் அடித்தளம் இடப்பட்டிருக்கும்.

இவ்வளவும் மாணவர்க்குச் சொன்னவன், 1984இல் என் வீட்டில் என்ன சொன்னேன் தெரியுமா? எங்கள் முதல் கரு மூன்றாம் மாதத் தொடக்கத்திலேயே கலைந்துபோயிற்று. பப்பாளி தின்றாளா, தண்ணீர்க் குடம் தூக்கினாளா என்று உறவினர் துருவித் துருவிக் கேட்டனர். அவள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். நான் அருகே சென்று, "அது இன்னும் ஒரு உருவமாகவே ஆகலையே, அதுக்குப் போய் ஏன் இப்படி அழறே?" என்றேன். ஆறுதல் சொல்வதாகவே நினைத்தேன். அன்றோடு அவள் அதைப்பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டாள். அடுத்தடுத்துப் பிள்ளைகள் பிறந்தனர், நானும் மறந்தேன்.

சென்ற மாதம் மருமகளை ஸ்கேன் எடுக்க அழைத்துச் சென்றோம். மருத்துவரின் கணக்கில் அது ஏழாம் வாரம். கடைசி மாதவிலக்கிலிருந்து அவர்கள் எண்ணுவதால், கருவின் உண்மையான வயது ஐந்து வாரமே. திரையில் ஒரு சென்டிமீட்டர் அளவுள்ள வெண்புள்ளியும், அதன் நடுவே விடாது மினுக்கும் ஒரு துடிப்பும் தெரிந்தன. வீடு திரும்புகையில் மனைவி கேட்டாள்:

"என்னங்க, இதயம் எத்தனை நாள்ல துடிக்க ஆரம்பிக்கும்?"

"22 நாள் வாக்கில."

சிறிது நேரம் வெளியே பார்த்திருந்தாள். "அப்போ நம்மளதும் துடிச்சிருக்கும், இல்லீங்களா?"

எனக்கு நா எழவில்லை. ஐந்தாவது மெழுகுதிரி யாருக்கென்று அப்போதுதான் விளங்கிற்று.

அன்றிரவு, பல்லாண்டுகளுக்கு முன்னரே சொல்லியிருக்க வேண்டியதைச் சொன்னேன். உறுதிசெய்யப்பட்ட கருக்களில் நூற்றுக்குப் பத்து முதல் இருபது வரை இவ்வாறு கலைகின்றன. தொடக்க மாதங்களில் கலைபவற்றில் ஏறத்தாழ பாதிக்குக் காரணம், கருவுறும் வேளையிலேயே நேரும் குரோமோசோம் பிழை. "நீ தூக்கிய குடமும் காரணமில்லை, தின்ற பழமும் காரணமில்லை" என்றேன். "இத்தனை வருஷமா நான்தான் ஏதோ பண்ணிட்டேன்னு நெனச்சிட்டிருந்தேன்" என்று மெல்லச் சொன்னாள். அவள் தன்னையே குற்றவாளியாக்கி வாழ்ந்த அத்தனை ஆண்டுகளும், விடை தெரிந்த ஒருவன் அதே வீட்டில் மௌனமாய் இருந்தேன்.

கருவின் உயிரணுக்களில் சில தாயின் இரத்தத்தில் கலந்து தங்கிவிடுகின்றன. ஆண் குழந்தையைச் சுமந்து 27 ஆண்டுகளான ஒரு தாயிடமும் அவை இருந்ததை 1996இல் ஆய்வாளர்கள் வெளியிட்டனர். உடலே மறவாததை உள்ளம் மறக்க வேண்டும் என்று கேட்க நமக்கு என்ன உரிமை? நம் குடும்பங்களில் இவ்வாறு பெயரும் கல்லறையும் இன்றிப் போன கருக்கள் எத்தனையோ. அவற்றின் தாய்மாரிடம் "அது ஒன்றுமில்லை" என்று மட்டும் சொல்லாதிருப்போம்.

இந்த நவம்பரிலும் ஐந்து மெழுகுதிரிகள் வாங்கினோம். மதிலோரம் காற்று பலமாய் வீசிற்று. திரி பற்றும்வரை அவள் கைகளைக் குவித்து மறைத்துக்கொண்டாள். தீக்குச்சியை நான் கிழித்தேன்.