ஒரு ரூபாயைச் சுருக்கலாமா?

விஷாரத்துல சீலிங் ஃபேன் மெதுவா சுத்தினா, மெக்கானிக் பாய் பார்த்ததுமே "கண்டன்சர் வீக்கு" என்பார். அந்த 2.5 மைக்ரோஃபாரட் டப்பாவில் ஒரு ஜூல்கூடத் தேறாது. அதுவே 70 மைக்ரோஃபாரட், 12,000 வோல்ட் என்றால்? 5,000 ஜூல்!

அமெரிக்காவில் சிலர் அதை நாணயத்தைச் சுற்றிய செப்புக் கம்பிச் சுருளில் ஒரே வீச்சில் பாய்ச்சுகிறார்கள். நாணயத்திலும் மின்சாரம் தூண்டப்பட்டு, இரண்டும் ஒன்றையொன்று தள்ளும். சுருள் வெடித்துச் சிதறும். நாணயம் குறுகித் தடிக்கும், எடை குறையாது. இதே விசையால் உலோகக் குழாய்களை இணைக்கும் ஆய்வை மும்பை பாபா அணு ஆராய்ச்சி மையம் செய்திருக்கிறது.

யாரும் கிளம்பிடாதீங்கப்பா. நம்ம ஒரு ரூபாய் எவர்சில்வர், மின்சாரம் சுமாராத்தான் பாயும். நாணயத்தை அழித்தால் 2011 சட்டப்படி 7 வருஷம் வரை உள்ளே :-)

எனக்குப் பயம் வேற. ஷார்ட் பண்ணி காலியாக்கின கெப்பாசிட்டரிலும் வோல்டேஜ் தானா மறுபடி ஊறும். விவரம் தெரிஞ்சவங்க, சும்மா கிடக்கும்போதும் இரண்டு முனையையும் கம்பியால கட்டியே வைப்பாங்க.