போர்த் கடற்கரையில் ஒரு காடு

வேல்ஸின் மேற்குக் கரையில் போர்த் என்று ஒரு சின்ன ஊர். வெயில் தேடி ஸ்பெயின் போகாம இங்க கூட்டிட்டு வந்ததுக்கு வீட்டில் கொஞ்சம் முணுமுணுப்பு. கடல் நல்லா உள்வாங்கினதும் அதெல்லாம் மறந்துபோச்சு. மணலுக்கு நடுவில் வேரோடு நிற்கும் அடிமரங்கள். ஓக், பைன், பிர்ச். 2014 புயல்கள் மணலை வாரிக்கொண்டு போனபோதுதான் நிறைய வெளியே தெரிஞ்சுதாம்.

"எவ்ளோ வயசுப்பா?" என்றாள் மகள்.

"4,500-லிருந்து 6,000 வருஷம்."

"யாரு எண்ணினா?"

நியாயமான கேள்வி. மரம் உயிரோட இருக்கும்வரை காற்றிலிருந்து கார்பன் எடுத்துக்கும். அதில் துளியூண்டு கார்பன்-14. மரம் செத்தால் வரவு நின்னுபோகும். இருக்கிறது மெல்லக் கரையும், 5,730 வருஷத்தில் பாதி. மிச்சத்தை அளந்தால் வயசு தெரியும். சுமார் 50,000 வருஷத்துக்கு மேல் அளக்க எதுவும் மிஞ்சாது.

கடலோரத்தில் இது அவ்வளவு சுலபமில்லை. கடல்நீரில் இருப்பது பழைய கார்பன். அதனால் சிப்பி தன் வயசைவிட சுமார் 400 வருஷம் கூட்டிக் காட்டும், அதைக் கழிக்கணும். சேறு இன்னும் மோசம். ஆறு எங்கிருந்தோ அடிச்சுட்டு வந்த பழைய மக்கும் அதில் கலந்திருக்கும். (எங்க தொழிலில் சொல்வதுதான்: குப்பையைப் போட்டால் குப்பைதான் வரும்.) போர்த்தில் அதிர்ஷ்டம், மரங்கள் வளர்ந்த இடத்திலேயே நிற்கின்றன. காற்றுப் புகாத கறுப்புப் பீட் மண் அவற்றை அழுகவிடவில்லை.

இந்த வளைகுடாவில் ஒரு நாடே மூழ்கியதாக வேல்ஸ்காரர்களிடம் ஒரு கதை உண்டு. மதகுக் காவலன் குடிச்சிட்டுத் தூங்கிட்டானாம். கேட்டதும் மகள், "பாட்டி சொன்ன குமரிக்கண்டம் மாதிரியா?" என்றாள்.

தலையாட்டிட்டுப் போயிருக்கலாம். மனசு வரல. "அப்படி ஒரு பெரிய கண்டத்துக்குக் கடலடியில் ஆதாரம் இல்லடா. ஆனா பனியுகத்தில் கடல் இப்போதைவிட 120 மீட்டர் கீழே இருந்துச்சு. ராமேஸ்வரத்திலிருந்து இலங்கைக்கு நடந்தே போகலாம். அது நிஜம்."

"அப்போ பாட்டி பொய் சொன்னாங்களா?"

"இல்லம்மா. பாட்டி கதை சொன்னாங்க."

அவளுக்குத் திருப்தியில்லை. ராத்திரி பாட்டிக்கு போன் பண்ணி கேட்கப் போறாளாம்.

போகிறவர்கள் கடல் வற்றும் நேரத்தைப் பார்த்துட்டுப் போங்க. அலை வேகமா திரும்பி வரும். கட்டையை உடைச்சு எடுக்காதீங்க. மாற்று சாக்ஸ் அவசியம்.