மாதக் கடைசி ஞாயிறு

சென்னையை விட்டு வந்ததில் வேலையோ வீடோ எனக்குப் பெரிய இழப்பில்லை. கோடம்பாக்கத்தில் ஒரு மொட்டைமாடிக் கொட்டகையில் மாதக் கடைசி ஞாயிறு மாலைகளில் கூடுவோமே, அதற்குத்தான் மனம் ஏங்குகிறது. திருநங்கைகள், திருநம்பிகள், அவர்களுடைய தோழர்கள், என்னைப் போன்ற உடன்பிறந்தவர்கள். என் தம்பி திருநம்பி. அவனுக்குத் துணையாகப் போகத் தொடங்கி, அவன் வராத நாட்களிலும் போனேன்.

பேச்செல்லாம் அன்றாடக் கவலைகள்தாம். எந்தத் தெருவில் கூடுதல் வாடகை கேட்காமல் வீடு தருகிறார்கள்? அரசிதழில் பெயர் மாறியும் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் பழைய பெயரே இருக்கிறதே, யாரைப் பார்ப்பது? ஒரு சித்திரை வெயிலில், மார்பைத் தட்டையாக்கும் உள்ளாடையான பைண்டரைக் காலையிலிருந்து இறுக்கிப் போட்டிருந்த பையனுக்கு மூச்சு வாங்கியது. “எட்டு மணி நேரத்துக்கு மேல போடக் கூடாதுடா கண்ணு, போய்க் கழட்டிட்டு வா” என்று அதட்டினார் திருநங்கையர் சேர்ந்து வாழும் குடும்பமான ஜமாத்தில் வளர்ந்த மூத்த திருநங்கை ஒருவர். பெற்ற வீட்டில் அதைச் சொல்ல அவனுக்கு ஆளில்லை.

2019 ஏப்ரலில் அருண்குமார், திருநங்கை ஸ்ரீஜா இருவரின் திருமணத்தைப் பதிவு செய்யும்படி உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தீர்ப்பளித்தது. இந்து திருமணச் சட்டம் சொல்லும் மணமகள் திருநங்கையாகவும் இருக்கலாம் என்றார் நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன். அந்த மாதக் கூட்டத்தில் தீர்ப்பைத் தமிழில் நான் எடுத்துச் சொன்னேன். மணமகள் பற்றிய இடத்தை மட்டும் மறுபடி சொல்லச் சொன்னார் அந்த மூத்தவர். 2008-இல் தமிழ்நாட்டில் திருநங்கைகள் நலவாரியம் அமைந்ததையும், பாலினத்தை அவரவரே தீர்மானிக்கலாம் என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் சொன்னதையும் பார்த்தவர். “சட்டம் வந்துடுச்சும்மா. எங்க வீட்டுக்காரங்க எப்ப வருவாங்க?” என்றார். பதில் சொல்ல முடியவில்லை. ஆனால் அந்தக் கேள்வியைக் கூச்சமில்லாமல் கேட்க அங்கே ஓர் இடம் இருந்தது.

இப்போதிருக்கும் ஊரில் என் தம்பியைப் பற்றி யார் கேட்டாலும் ஆதியோடந்தமாக விளக்க வேண்டியிருக்கிறது. அந்த மாடியில் ‘தம்பி எப்படி இருக்கான்?’ என்பார்கள், அவ்வளவுதான்.

மாடியைக் காசு வாங்காமல் தந்தவர் ஓய்வுபெற்ற ஆசிரியை. அவர் காலமானதும் வீடு கைமாறியது. கூட்டம் இடம் தேடி அலைவதாகத் தம்பி சொன்னான். உங்கள் வீட்டில் ஒரு மாடியோ கூடமோ சும்மா கிடந்தால், மாதத்தில் ஒரு மாலை இவர்களுக்குக் கொடுங்கள். நீங்களும் வந்து உட்காருங்கள்.