ஜி.பி. ரோடு டு ஜவ்வாது மலை!

புது பைக் வாங்கிய முதல் வாரம் எல்லோரும் கோயில் வாசலில் எலுமிச்சம்பழம் நசுக்குவார்கள். ரெண்டாவது வாரம் சென்னைப் பசங்க போகிற இன்னொரு கோயில் உண்டு. ஜி.பி. ரோடு!

ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு என்று முழுப் பெயரைச் சொன்னால் ஆட்டோக்காரரே ஒரு நிமிஷம் யோசிப்பார். அண்ணா சாலையிலிருந்து ராயப்பேட்டை பக்கமாகத் திரும்பினால் போதும். கடை வாசலில் சைலன்ஸர்கள் வாழைத்தார் மாதிரி தொங்கும். சீட் கவர், ஹேண்டில் பார், ஹெல்மெட், கலர் கலராக லைட். பிளாட்பாரத்திலேயே வண்டியைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருப்பார்கள். எந்த நேரமும் யாராவது ஒருத்தர் ஹாரன் டெஸ்ட் பண்ணிக்கொண்டே இருப்பார். பாக்கெட்டில் பணத்தோடு அந்தத் தெருவுக்குள் போனவன் பணத்தோடு திரும்பியதாகச் சரித்திரம் இல்லை.

என் பாக்கெட்டில் 18,000 இருந்தது. ரெண்டு வருஷம் ப்ளஸ் டூ பசங்களுக்கு டியூஷன் எடுத்துச் சேர்த்தது. வண்டி லோனுக்கு அப்பா கையெழுத்துப் போட்டிருந்தார். "மாசத் தவணை உன் பொறுப்பு, கை கால் பத்திரம் எங்க பொறுப்பு இல்ல" என்பது ஒப்பந்தம்.

வண்டி, ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 4வி. டூயல் ஸ்போர்ட் ஜாதி. அதாவது தார் ரோட்டிலும் ஓடும், ரோடே இல்லாத இடத்திலும் ஓடும். நம்ம ஊரில் இந்த ஜாதி பணக்காரர்கள் சமாசாரமாகத்தான் இருந்தது. 2011-ல் ஹீரோவே இம்பல்ஸ் என்று ஒரு 150 சி.சி. வண்டியை விட்டுப் பார்த்தது, பெரிதாக விற்கவில்லை. அப்போதெல்லாம் ஆசைப்பட்டவர்கள் பழைய ஆர்.எக்ஸ்.100-ஐயோ யெஸ்டியையோ வெட்டி ஒட்டி ஓட்டிக்கொண்டார்கள். 2019-ல் எக்ஸ்பல்ஸ் வந்தபோது ஆரம்ப விலை ஒரு லட்சத்துக்கும் கீழே! காலேஜ் பையன் கனவு காணக்கூடிய விலைக்கு வந்தது அப்போதுதான். 2021-ல் நாலு வால்வு இன்ஜின் சேர்ந்தது.

முன் சக்கரம் 21 அங்குலம், பின்னால் 18. தரைக்கும் வயிற்றுக்கும் நடுவே 220 மில்லிமீட்டர். ஒரு செங்கல்லைப் பக்கவாட்டில் வைத்தால்கூடத் தட்டாது. எல்லாம் சூப்பர். ஒரே ஒரு பிரச்னை, சீட் உயரம் 825 மில்லிமீட்டர். நான் அஞ்சடி அஞ்சங்குலம். சிக்னலில் நின்றால் பரதநாட்டியம்தான், கட்டைவிரல் மட்டும் தரையைத் தொடும்.

ஜி.பி. ரோட்டில் ஒரு மெக்கானிக் அண்ணன். ஐம்பது வயசிருக்கும். வண்டியைப் பார்ப்பதற்கு முன்னால் என்னைப் பார்த்தார்.

"இன்னா வெயிட்டு நீ?"

"ஐம்பத்தாறு கிலோ அண்ணே."

"மொதல்ல வண்டிய உனக்கு செட் பண்ணுவோம் தம்பி. ஒரு மாசம் ஓட்டு. அப்பால சாமான் பாக்கலாம்."

எனக்கு அது பிடிக்கவில்லை. வீடியோவில் பார்த்த லடாக் வண்டிகள் கண்ணில் நின்றன. பக்கத்துக் கடைக்குப் போய் கிராஷ் கார்டு, பெட்டி மாட்டுகிற கம்பி, ரெண்டு பக்கமும் இரும்புப் பெட்டி, பின்னால் ஒரு டாப் பாக்ஸ், எல்லாம் மாட்டினேன். மொத்தம் 22 கிலோ, 17,500 ரூபாய். வண்டி எடையே 158 கிலோ. கண்ணாடியில் பார்த்தால் செம கெத்து. மிச்சம் 500 ரூபாய்க்குப் பெட்ரோல் போட்டேன்.

அக்டோபரில் ஜவ்வாது மலை. மச்சான் ஒருத்தன் அவங்க அப்பாவின் பழைய ஸ்ப்லெண்டரில் வந்தான். அவனுடைய லக்கேஜ், சீட்டில் ரப்பர் கயிறு போட்டுக் கட்டிய ஒரு காலேஜ் பேக். ஆற்காடு, ஆரணி, போளூர் தாண்டி மலை ஏறினால் ஜமுனாமரத்தூர். ஊட்டி மாதிரி கூட்டம் கிடையாது. வளைவுக்கு வளைவு பலா மரம், புளிய மரம், சாமை வயல். இங்கே இருக்கிற பழங்குடி மக்களுக்கு 'மலையாளி' என்று பெயர். கேரளாவோடு முடிச்சுப் போடாதீங்க, பேசுவது தமிழ்தான். ஆலங்காயம் பக்கம் போனால் காவலூர் வானோக்கு நிலையம், 2.3 மீட்டர் விட்டக் கண்ணாடியோடு வேணு பாப்பு பெயரில் தொலைநோக்கி அங்கே இருக்கிறது. அது நாளைக்கு என்று பிளான். நாளைக்கு வரவே இல்லை!

ஒரு கிராமத்துக்குப் போகிற மண் ரோடு. முந்தின ராத்திரி மழை. மச்சான் ஸ்ப்லெண்டரை உருட்டிக்கொண்டு முன்னே போய் வளைவில் மறைந்துவிட்டான். நான் ஏறினேன். பின்பக்கம் அத்தனை பாரம். ஏற்றத்தில் முன் சக்கரம் லேசாகிவிட்டது. ஹேண்டிலைத் திருப்பினால் வண்டி திரும்பவில்லை, நேரே சேற்றுக்குள் வழுக்கியது. வேகம் ஒண்ணும் இல்லை, நடக்கிற வேகம்தான். இடது காலை ஊன்றினேன். ஊன்ற வேண்டிய இடத்தில் தரை இல்லை. அந்தப் பக்கம் பள்ளம்.

விழுந்தபோது வலிக்கவில்லை. எழுந்திருக்கப் பார்த்தபோதுதான் தெரிந்தது, இரும்புப் பெட்டிக்குக் கீழே கணுக்கால். கேன்வாஸ் ஷூ. இழுத்தால் வரவில்லை, வண்டியைத் தள்ளினால் அசையவில்லை. பெட்ரோல் சொட்டுகிற சத்தம் கேட்டது. சூடான இன்ஜின் பக்கத்தில். அந்த ரெண்டு மூணு நிமிஷம் அப்பாவின் ஒப்பந்தம்தான் மண்டைக்குள் ஓடியது.

மாடு ஓட்டிக்கொண்டு ஒரு பெரியவரும் அவர் மகனும் வந்தார்கள். பெட்டியைப் பிடித்துத் தூக்கினார்கள். காலை எடுத்துக்கொண்டேன். பெரியவர் பெட்டிகளை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார். "இம்மா பாரத்த வண்டி மேல ஏத்திட்டு எங்க தம்பி போறீங்க, சந்தைக்கா?"

கிளட்ச் லீவர் அடியோடு உடைந்திருந்தது. எனக்கு இடது கால் ஊன்ற முடியவில்லை. மச்சான் திரும்பி வந்து ஒரு வித்தை காட்டினான். நியூட்ரலில் ஸ்டார்ட் பண்ணி, இறக்கத்தில் உருட்டி, ஓடும்போதே முதல் கியரைத் தட்டினான். ஆக்ஸிலரேட்டரைச் சட்டென்று விட்டு அடுத்த கியர். அப்படியே ஜமுனாமரத்தூர் வரை ஓட்டினான். ஸ்ப்லெண்டரைப் பெரியவரின் மகன் ஓட்ட, பின்னால் நான். எலும்பு முறியவில்லை. ரெண்டு வாரம் செமஸ்டர் வகுப்புக்கு ஒத்தைச் செருப்போடு போனேன், அவ்வளவுதான்.

திரும்ப ஜி.பி. ரோடு. அந்த அண்ணன் எதுவும் கேட்கவில்லை. ஸ்பானரை எடுத்தார். பெட்டி, கம்பி எல்லாம் கழன்றது. கிராஷ் கார்டு மட்டும் இருக்கட்டும் என்றார்.

"லோ பண்ணித் தாங்கண்ணே, கால் எட்டல."

"லோ பண்ணா எதுக்கு இந்த வண்டி? கல்லு வயித்துல இடிக்கும். சைடு ஸ்டாண்ட வேற வெட்டணும். உக்காரு நீ."

டேப்பை எடுத்தார். பின் அச்சிலிருந்து சீட்டுக்குக் கீழே ஒரு புள்ளி வரை அளந்தார். முதலில் சக்கரம் தொங்கும்படி வண்டியைத் தூக்கி வைத்து. அப்புறம் நான் ஏறி உட்கார்ந்து. ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் 'ஸாக்'. பின் சஸ்பென்ஷன் மொத்தம் 170 மில்லிமீட்டர் ஆடும். அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, அதாவது ஐம்பத்தைந்துக்குப் பக்கம், நாம் உட்கார்ந்ததுமே அமுங்க வேண்டும். எனக்கு முப்பத்தெட்டுதான் அமுங்கியது. பெட்டிகளைத் தாங்கட்டும் என்று ஸ்பிரிங்கை நானே இறுக்கி வைத்திருந்தேனே! தளர்த்தினார். ஏறி உட்கார்ந்தேன். கட்டைவிரல் இருந்த இடத்தில் முன்பாதம் முழுசாக உட்கார்ந்தது. சீட் ஃபோமை ரெண்டு பக்க ஓரத்தில் மட்டும் கொஞ்சம் சீவச் சொன்னார். நடுவில் கை வைக்கவில்லை. செலவு 600 ரூபாய்.

அப்புறம் நின்றுகொண்டு ஓட்டுகிற மாதிரி நிற்கச் சொன்னார். கைக்கு எட்டும்படி ஹேண்டிலைக் கொஞ்சம் முன்னால் உருட்டினார். லீவர்களைக் கீழே சாய்த்தார். புது லீவரின் கிளாம்ப் போல்ட்டை முழுசாக முறுக்கவே இல்லை. "விழுந்தா சுத்திக்கணும், உடையக் கூடாது. புரியுதா?" புரிந்தது, ரெண்டு வாரம் லேட்டாக. ஃபுட் பெக் மேலிருந்த ரப்பரைக் கழற்றினால் கீழே பல் வைத்த இரும்பு, சேற்று ஷூவும் வழுக்காது. சின்ன ஸ்பானரால் ஒவ்வொரு ஸ்போக்காகத் தட்டினார். இறுக்கமானது 'டிங்' என்றது, தளர்ந்தது 'டொக்' என்றது. புது வண்டியில் முதல் சில நூறு கிலோமீட்டருக்குள் ஸ்போக் தளரும், யாருமே பார்ப்பதில்லை என்று திட்டினார்.

மண்ணில் காற்றைக் கொஞ்சம் குறைக்கலாம். ஆனால் இது ட்யூப் டயர். ரொம்பக் குறைத்தால் கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவே ட்யூப் நசுங்கிப் பஞ்சர். அதனால் கைப்பம்பும் ஒரு 21 அங்குல ட்யூபும் கையோடு வேண்டும். அவசரத்துக்கு அதையே பின் சக்கரத்திலும் மடித்துப் போட்டு ஊர் வந்து சேரலாமாம்.

"சைலன்ஸர் மாத்தலாமாண்ணே?" என்று கேட்டேன், ஆசை விடுமா? முறைத்தார். 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், கம்பெனி கொடுத்த அடிப்படை விவரங்கள் மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்று சொல்லியிருக்கிறது. அதே வருஷம் திருத்திய சட்டத்தில், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை ஜெயில், ரெண்டும் சேர்ந்தும் வரலாம். தவிர, சத்தம் கூடினால் ஜவ்வாது மலை மாடு மிரளும். அந்த மாட்டுக்காரர்தான் என் காலைக் காப்பாற்றினார்.

ஜனவரியில் மறுபடி போனேன். அதே மண் ரோடு, அதே ஏற்றம். இந்த முறை என் லக்கேஜும் ரப்பர் கயிறு கட்டிய காலேஜ் பேக்தான். ஒரே வித்தியாசம், காலில் கணுக்காலுக்கு மேலே வரும் பூட்ஸ். அந்த இடம் வந்ததும் எழுந்து நின்றேன், ரெண்டாவது கியர், கண் மேலே பார்த்தபடி. வண்டி ஒருமுறை வாலை ஆட்டிவிட்டு ஏறிவிட்டது. மேலே பெரியவர் வீட்டு வாசலில் சாமை காய்ந்துகொண்டிருந்தது. என்னை அடையாளம் தெரியவில்லை, வண்டியையும் தெரியவில்லை. பெட்டிக்காரத் தம்பி என்றதும் சிரித்தார். "பொட்டிங்க எங்க?"

சைடு பெட்டி ரெண்டையும் பாதி விலைக்கு ஒரு ஜூனியர் வாங்கிக்கொண்டான், நான் எவ்வளவோ சொல்லியும். டாப் பாக்ஸில் அம்மா வெங்காயம் போட்டு வைத்திருக்கிறார். அழுகாமல் நல்லா இருக்காம்.