கிறிஸ்மஸும் ஒரு தகர டப்பாவும்

போன டிசம்பர்ல ஒரு சனிக்கிழமை. பையனையும் அவனோட ஃப்ரெண்டையும் கூட்டிக்கிட்டு தங்கமணியும் நானும் சென்னையில ஒரு பெரிய மாலுக்குப் போயிருந்தோம். நடுக்கூடத்துல மூணு மாடி உயரத்துக்கு ஒரு கிறிஸ்மஸ் மரம். அடியில கலர் கலரா காலி டப்பாக்களைச் சுத்தி வெச்ச பரிசுப் பொட்டலங்கள். சிவப்புக் கோட்டுப் போட்ட தாத்தா கூட போட்டோ எடுக்க ஒரு நீளமான க்யூ.

பையனோட ஃப்ரெண்ட் கேட்டான், "அங்கிள், இது சாண்டாவோட பர்த்டேயா?"

எங்க வீட்டு வாண்டு முந்திக்கிட்டான். "இல்லடா, ஜீசஸ் பர்த்டே."

அவன் சுத்தும் முத்தும் பார்த்துட்டு கேட்டான், "அப்போ அவர் எங்கே?"

நானும் தேடினேன். மரம் இருக்கு, மான் இருக்கு, பஞ்சுல செஞ்ச பனிமனுஷன் இருக்கான். ஒரு மூலையில கூட குடில் இல்லை. பிறந்தநாள் கொண்டாட்டத்துல பிறந்தநாள்காரரை மட்டும் காணோம்!

இந்தத் தாத்தாவை மட்டும் குத்தம் சொல்லிப் பிரயோஜனம் இல்லைங்க. ஆதியில அவரும் நல்ல மனுஷன்தான். நாலாம் நூற்றாண்டுல, இப்போ துருக்கியில இருக்கிற மைராங்கிற ஊர்ல பிஷப்பா இருந்த நிக்கோலஸ். அவரைப் பத்தின கதை நம்ம ஊர்க் கதை மாதிரியே இருக்கும். வரதட்சணை குடுக்க வழியில்லாத ஒரு அப்பா, மூணு பொண்ணுங்க. நிக்கோலஸ் ராத்திரியில யாருக்கும் தெரியாம ஜன்னல் வழியா தங்கக் காசு முடிப்பைப் போட்டுட்டுப் போயிடுவாராம். கதையோட உயிரே 'யாருக்கும் தெரியாம'ங்கிறதுலதான் இருக்கு.

அப்புறம் 1863ல இருந்து தாமஸ் நாஸ்ட்ங்கிற அமெரிக்க ஓவியர் பத்திரிகையில இவரை வரைய ஆரம்பிச்சார். கொஞ்சம் கொஞ்சமா தொப்பையும் தாடியுமா ஆள் மாறிட்டார். சிவப்புக் கோட்டையே கொக்கோ கோலாதான் மாட்டிவிட்டதுன்னு நிறைய பேர் சொல்வாங்க. அது தப்பு, கோட்டு அதுக்கு முன்னாடியே வந்தாச்சு. 1931ல இருந்து ஹேடன் சண்ட்ப்ளாம் அவங்களுக்கு வரைஞ்ச விளம்பரப் படங்கள் அந்த உருவத்தை உலகம் முழுக்கக் கொண்டு போச்சு, அவ்வளவுதான்.

இன்னொரு மேட்டர் கேளுங்க. 1939ல அமெரிக்காவுல நன்றி தெரிவிக்கும் நாள் நவம்பர் 30ல வந்தது. கிறிஸ்மஸ் வியாபாரத்துக்கு நாள் பத்தாதுன்னு கடைக்காரங்க முறையிட, ஜனாதிபதி ரூஸ்வெல்ட் அதை ஒரு வாரம் முன்னாடி தள்ளி வெச்சுட்டார். சில மாநிலங்கள் முடியாதுன்னு சொல்லி ஏக ரகளை. கடைசியில 1941ல நவம்பர் மாசத்து நாலாவது வியாழன்னு சட்டமே போட்டாங்க. கல்லாப்பெட்டிக்காக காலண்டரே நகர்ந்திருக்கு. நம்ம மாலெல்லாம் எந்த மூலைக்கு!

சரி, அந்தக் காலத்துல நாங்க மட்டும் யோக்கியமா? கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன்.

எனக்கு நாகர்கோவில். டிசம்பர் பிறந்தாலே மூங்கில் சீவி ஸ்டார் கட்டுவோம். ராத்திரி கேரல் ரவுண்ட்ஸ். முகமூடி மாட்டின கிறிஸ்மஸ் தாத்தா ஆடிக்கிட்டு முன்னாடி போவார், பின்னாடியே நாங்க. ஆனா உண்மையைச் சொல்றேன், எங்க நினைப்பெல்லாம் டெய்லர் புது டிரெஸ்ஸை எப்போ தருவார்ங்கிறதுலதான். விடிகாலை ஆராதனையில பாஸ்டர் என்ன பேசினார்னு ஒரு வருஷம் கூட ஞாபகம் இல்லை. எவன் சட்டை நல்லா இருந்ததுன்னு இன்னைக்கும் ஞாபகம் இருக்கு. அப்பவும் கடை இருந்தது, ஆசையும் இருந்தது.

ஆனா அம்மாகிட்ட ஒரு தகர டப்பாவும் இருந்தது. சிறுபயறை வறுத்துப் பொடிச்சு, கருப்பட்டிப் பாகுல தேங்காயும் எள்ளும் போட்டுப் பிடிச்சு, அரிசி மாவுல முக்கிப் பொரிச்ச முந்திரிக்கொத்து அது நிறைய இருக்கும். எங்க வாய்க்கு வர்றதுக்கு முன்னாடி அது தட்டுல ஏறி தெருவைச் சுத்திட்டு வரும். பக்கத்து வீட்டு அத்தைக்குத்தான் முதல் தட்டு. தீபாவளிக்கு அவங்க அதிரசம் எங்க வீட்டுக்கு வந்த தட்டு அது. வெறும் தட்டைத் திருப்பிக் குடுக்கக் கூடாதுன்னு அவங்க ஒரு பிடி சீனியாவது போட்டுத்தான் அனுப்புவாங்க.

2004 கிறிஸ்மசுக்கு, வேலைக்குச் சேர்ந்து சம்பாதிச்ச காசுல அம்மாவுக்கு ஒரு பட்டுச்சேலை வாங்கிட்டுப் போயிருந்தேன். சனிக்கிழமை கிறிஸ்மஸ். அம்மா அதைக் கட்டிக்கிட்டு கோயிலுக்கு வந்தாங்க. எனக்குப் பெருமை தாங்கலை.

மறுநாள் ஞாயிறு, டிசம்பர் 26. ஆராதனை முடிஞ்சு வெளியே வர்றோம், கடல் ஊருக்குள்ள வந்துட்டுன்னு ஆளாளுக்குச் சொல்றாங்க. சுனாமிங்கிற வார்த்தையே அன்னைக்கு எங்களுக்குத் தெரியாது. குளச்சல் பக்கம் எல்லாம் போச்சுன்னாங்க. முந்தின நாள் எங்களை மாதிரியே புதுத்துணி உடுத்திக் கிறிஸ்மஸ் கொண்டாடின ஜனங்க. சாயங்காலம் பக்கத்துப் பள்ளிக்கூடத்துல கொண்டு வந்து தங்க வெச்சிருந்தாங்க. உடுத்தின ஈரத்துணியைத் தவிர வேற ஒண்ணும் இல்லாதவங்க நிறைய பேர்.

அம்மா தகர டப்பாவை அப்படியே எடுத்தாங்க. பீரோவைத் திறந்து சேலை சேலையா எடுத்து மூட்டை கட்டினாங்க. நான் வாங்கிக் குடுத்த பட்டும் அதுக்குள்ள போச்சு.

எனக்குச் சுருக்குன்னுச்சு. "அம்மா, அது நான் வாங்கித் தந்ததும்மா. பழசு ஏதாவது குடுங்களேன்"னு சொல்லிட்டேன். இன்னைக்கு நினைச்சாலும் கூசுது.

அம்மா கோவப்படலை. "தந்த பொறவு அது எனக்குள்ளதுல்லா மக்கா? எனக்குள்ளதத்தான நான் குடுக்க முடியும்"னாங்க. மூட்டையை என் தலையிலேயே ஏத்திவிட்டாங்க.

அந்தச் சேலையை யார் வாங்கிக்கிட்டாங்கன்னு தெரியாது. நான் வாசல்ல மூட்டையை வெச்சுட்டுத் திரும்பிட்டேன். நிக்கோலஸ் கதைக்கு இதைவிடக் கிட்டத்துல நான் எப்பவும் போனதில்லை. அதுவும் மனசில்லாம போனது.

மால்ல அந்தப் பையன் கேட்ட கேள்விக்கு வருவோம். கடைக்காரன் கடையில விக்கத்தான் செய்வான், அது அவன் பொழப்பு. குடிலை அவன் வைக்கலைன்னு நான் கோவப்பட்டு என்ன ஆகப்போகுது? அன்னைக்கு நாங்க நாலு பை நிறைய சாமான் வாங்கினோம். எனக்கு, தங்கமணிக்கு, பையனுக்கு. வீட்டை விட்டு வெளியே போற பொருள் அதுல ஒண்ணு கூட இல்லை. சத்திரத்துல இடமில்லாம மாட்டுத் தொழுவத்துல பிறந்தவருக்கு என் நாலு பையிலயும் இடமில்லை. அதுதான் எனக்கு உறைச்சது.

வருஷா வருஷம் கிறிஸ்மஸ் அன்னைக்கு அம்மா ஊர்லருந்து போன் பண்ணிக் கேக்கிற முதல் கேள்வி, "பக்கத்து வீட்டுக்குப் பலகாரம் குடுத்தியா மக்கா?" நானும் "குடுத்தாச்சும்மா"ன்னு பொய் சொல்லிட்டு இருந்தேன். எதிர் ஃப்ளாட்ல நாலு வருஷமா இருக்கிற பெரியவர் பேர் கூட எனக்குத் தெரியாது.

போன கிறிஸ்மஸ் அன்னைக்குப் பையன் கையில தட்டைக் குடுத்தேன். அம்மா கைப்பக்குவம் நமக்கு வராது, கடையில வாங்கின முந்திரிக்கொத்துதான். (ஆமாங்க, கடையிலதான்!) பெரியவர் கதவைத் திறந்து எங்களையும் தட்டையும் மாறி மாறிப் பார்த்தார். எதையோ விக்க வந்திருக்கோம்னு நினைச்சிருப்பார் போல. "எவ்வளவுப்பா?"ன்னு கேட்டார்.

"காசெல்லாம் இல்ல தாத்தா. கிறிஸ்மஸ்"னான் என் பையன்.

அவர் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுக்கிட்டே உள்ளே வரச் சொன்னார். தட்டு மூணு நாள் கழிச்சுத் திரும்பி வந்தது. அதுல ஒரு பிடி சீனி.