உறைகள் சொல்லும் கதை

அது ஒரு பழைய கடித உறை. மேலே ஓர் அஞ்சல் தலை, ஓர் அஞ்சல் முத்திரை, மூவரின் கையொப்பம், அவ்வளவுதான். வீட்டைத் துப்புரவு செய்யும்போது கண்ணில் பட்டால், பலர் அதனைக் குப்பையில் போட்டுவிடுவர். ஆனால், விண்வெளிப் பயண நினைவுப் பொருள்களைச் சேகரிப்போர் அத்தகைய உறையைப் பொன்போல் பேணுகின்றனர். ஒரு சாதாரணத் தாளுக்கு இத்தனை மதிப்பு எப்படி வந்தது?

1969ஆம் ஆண்டு ஜூலை மாதம். நீல் ஆம்ஸ்டிராங், எட்வின் ஆல்டிரின், மைக்கல் காலின்ஸ் ஆகிய மூவரும் அப்போலோ 11 விண்கலத்தில் நிலவை நோக்கிப் புறப்படவிருந்தனர். அவர்கள் உயிரோடு திரும்புவார்கள் என்று யாராலும் உறுதி கூற இயலவில்லை. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்புதான் அப்போலோ 1 விண்கலம் தரையில் நடந்த சோதனையின்போதே தீப்பற்றி, வீரர் மூவர் மாண்டிருந்தனர். இந்த மூவருக்கும் மனைவி மக்கள் இருந்தனர். இத்தகைய ஆபத்தான பயணத்திற்குப் பெருந்தொகைக் காப்புறுதி எடுக்க அவர்களுடைய சம்பளம் போதவில்லை.

அதனால், அவர்கள் வேறு வழி ஒன்றைக் கண்டனர். பயணத்திற்கு முன்பே நூற்றுக்கணக்கான உறைகளில் கையொப்பமிட்டு நண்பர் ஒருவரிடம் ஒப்படைத்தனர். விண்கலம் புறப்பட்ட ஜூலை 16, நிலவில் இறங்கிய ஜூலை 20 ஆகிய நாள்களில் அவ்வுறைகளுக்கு அஞ்சல் முத்திரை குத்தப்பட்டது. தங்களுக்கு ஏதேனும் நேர்ந்தால், குடும்பத்தார் அவற்றை விற்றுப் பிழைத்துக்கொள்ளலாம் என்பதே அவர்களது எண்ணம். நல்லவேளையாக, மூவரும் ஜூலை 24ஆம் நாள் பத்திரமாகத் திரும்பினர். உறைகளை விற்க வேண்டிய தேவை எழவில்லை. பல ஆண்டுகளுக்குப் பிறகே அவை சேகரிப்பாளர்களின் கைகளுக்கு வந்தன. இன்று அவை ‘காப்புறுதி உறைகள்’ எனப்படுகின்றன. நிலவுக்கே போகாத அந்த உறைகளில், வீட்டை நினைத்துக் கவலைப்பட்ட மூன்று தந்தையரின் மனம் தெரிகிறது.

மற்றோர் உறையின் கதை வேறு. 1971இல் அப்போலோ 15 விண்கலம் நிலவுக்குச் சென்றது. வீரர்கள் முன்னனுமதி பெற்று 243 உறைகளைத் தங்களுடன் கொண்டு சென்றனர். அவற்றுடன், அனுமதி பெறாத 398 உறைகளும் சென்றன. திரும்பி வந்தபின் அவற்றுள் நூறு உறைகள் ஜெர்மனியைச் சேர்ந்த அஞ்சல் தலை வணிகர் ஒருவரிடம் சென்றன. அவர் அவற்றை அதிக விலைக்கு விற்றார். இதற்காக வீரர் ஒவ்வொருவருக்கும் ஏறத்தாழ ஏழாயிரம் அமெரிக்க டாலர் கிடைக்க ஏற்பாடாகியிருந்தது. பிள்ளைகளின் எதிர்காலத்திற்காகவே இதற்கு உடன்பட்டதாக அவர்கள் பின்னர்க் கூறினர். பிறகு, அது தவறென உணர்ந்து பணத்தை ஏற்க மறுத்துவிட்டனர். ஆயினும், 1972இல் செய்தி வெளியானபோது நாசா அவர்களைக் கண்டித்தது. அம்மூவரும் அதன்பின் விண்வெளிக்குச் செல்லவே இல்லை. நாசாவிடம் இருந்த எஞ்சிய உறைகள் 1983இல்தான் அவர்களிடம் திருப்பித் தரப்பட்டன.

இரண்டும் உறைகள்தாம். இரண்டுக்கும் பின்னால் பிள்ளைகளைப் பற்றிய அக்கறை இருந்தது. எனினும், ஒன்று போற்றப்படுகிறது. மற்றொன்று பழியைத் தேடித் தந்தது. நோக்கம் நன்றாக இருந்தால் மட்டும் போதாது, செல்லும் வழியும் நேராக இருக்க வேண்டும் என்பதை இவ்விரண்டு உறைகளும் உணர்த்துகின்றன.

சேகரிப்பாளர்களுக்கும் இந்த நேர்மை தேவைப்படுகிறது. அக்காலத்தில் உலகெங்குமிருந்து விண்வெளி வீரர்களுக்குக் கடிதங்கள் வந்து குவிந்தன. கையொப்பமிட்ட படம் கேட்டு எழுதிய சிறுவர்களும் ஏராளம். எல்லாருக்கும் தம் கையால் ஒப்பமிட வீரர்களுக்கு நேரமில்லை. ஆகவே, பல படங்களில் இயந்திரமே கையொப்பமிட்டது. அதைக் கண்டறிய எளிய சோதனை ஒன்று உண்டு. இரண்டு கையொப்பங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். கோட்டுக்குக் கோடு அப்படியே பொருந்தினால், அது இயந்திரத்தின் வேலை. மனிதரின் கை ஒரே கையொப்பத்தை இருமுறை அச்சுப்போல் இடாது. தம் கையொப்பங்கள் பெரும் விலைக்கு விற்கப்படுவதை அறிந்த ஆம்ஸ்டிராங், பிற்காலத்தில் கேட்பவர்களுக்கு ஒப்பமிடுவதையே நிறுத்திவிட்டார்.

எனவே, நல்ல சேகரிப்பாளர் ஒரு பொருளைக் கண்டதும் அதன் விலையைக் கேட்பதில்லை. அது யாரிடமிருந்து, எப்படி, எந்த வழியாக வந்தது என்றே முதலில் கேட்கிறார். விற்பவர் சொல்வதை எழுதி வைக்கிறார். பழைய கடிதங்களோடும் படங்களோடும் ஒப்பிட்டுப் பார்க்கிறார். ஐயம் தீராவிட்டால், எவ்வளவு ஆசை இருந்தாலும் வாங்காமல் விலகுகிறார். பொய்யான பொருள் ஒன்று தம் பேழைக்குள் நுழைந்தால், உண்மையான பொருள்களின் கதையும் சந்தேகத்திற்கு உள்ளாகும் என்பதை அவர் அறிவார்.

நம் வீடுகளிலும் தாத்தா எழுதிய கடிதமோ பாட்டியின் பழைய கடப்பிதழோ ஏதேனும் ஒரு பெட்டியில் இருக்கலாம். அதற்கு ஏலத்தில் விலை கிடைக்காது. ஆனால், அதன் கதையை அறிந்தவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி வைக்காவிட்டால், நாளை அதுவும் வெறும் தாளாகிவிடும்.